மூன்று ஸ்திராஸ்பூர்கள், ஒரு பிஸ்கட் டப்பா

"அப்பா, எனக்கு பிஸ்மார்க்கில் வேலை கிடைத்துவிட்டது" என்று என் மகள் தொலைபேசியில் சொன்னபோது, "ஜெர்மனிக்கா போகிறாய்?" என்று கேட்டேன். "இல்லப்பா, அமெரிக்காதான். நார்த் டகோட்டா. கனடா எல்லைக்குப் பக்கம்" என்றாள். அமெரிக்காவில் போய் யார் பிஸ்மார்க் பெயரை ஓர் ஊருக்கு வைத்தார்கள் என்று எனக்கு ஒரே வியப்பு.

காரணம் உண்டு. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் சரித்திரப் புத்தகத்தில் பிஸ்மார்க் ஒரு வில்லன். 1870 யுத்தத்தில் பிரான்சைத் தோற்கடித்து, அல்சாஸ், லொரேன் இரண்டையும் பிடுங்கிக்கொண்ட மனிதர். அல்போன்ஸ் தோதே எழுதிய 'கடைசி வகுப்பு' என்ற கதையை ஆசிரியர் படிக்கும்போது அவர் குரல் தழுதழுக்கும். இனி பள்ளியில் ஜெர்மன் மட்டும்தான் என்று பெர்லினிலிருந்து உத்தரவு வர, அல்சாஸ் கிராமம் ஒன்றில் நடக்கும் கடைசி பிரெஞ்சுப் பாடம் அது. வேட்டி கட்டிய தகப்பன்களுக்குப் பிறந்த நாங்கள் நாற்பது பேரும் அல்சாஸ் போனதற்காகக் கண் கலங்கி உட்கார்ந்திருப்போம். அந்த ஊர்ப் பையன்களில் பெரும்பாலோர் வீட்டில் பேசியது ஜெர்மன் சார்ந்த வட்டார வழக்குதான் என்பதை ஆசிரியர் சொல்லவில்லை. அவர் மேல் தப்பில்லை, பாடத்திட்டத்தில் இல்லை.

2017-ல் நானும் என் மனைவியும் பிஸ்மார்க் போய் ஐந்து மாதம் இருந்தோம். ஊர்ப்பெயரின் கதை எளிதில் கிடைத்தது. 1873-ல் நார்தர்ன் பசிபிக் ரயில்வே கம்பெனிக்குப் பணமுடை. ஜெர்மானிய முதலாளிகள் பணம் போடுவார்கள், ஜனங்களும் வந்து குடியேறுவார்கள் என்று எட்வின்டன் என்றிருந்த ஊருக்கு பிஸ்மார்க் என்று பெயர் மாற்றினார்கள். ஜெர்மானியர்கள் வந்தார்கள்தான். ஆனால் அந்தப் பக்கத்துக்குப் பெருந்திரளாக வந்தவர்கள் ஜெர்மனியையே பார்த்திராத ஜெர்மானியர்கள். ரஷ்யாவிலிருந்து வந்தவர்கள்.

இது எனக்குத் தெரிந்தது பக்கத்து வீட்டு அம்மாளால். அப்போது அவருக்கு எண்பத்து நான்கு வயது. என் மனைவி முறுக்கு கொடுத்து அனுப்பினாள். பாத்திரத்தைச் சும்மா திருப்பித் தரக்கூடாது என்று அவர் 'கூகன்' என்ற ஒரு பண்டம் கொண்டு வந்தார். ரொட்டி மாவின் மேல் பாலேடும் முட்டையும் ஊற்றிச் சுட்டது. வெறும் பாத்திரம் திருப்பித் தராத வழக்கம் அங்கேயும் இருக்கிறதே என்று என் மனைவிக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

நான் அரசாங்கத்தில் முப்பத்து நாலு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன், பழைய காகிதம் என்றால் எனக்குக் கை துறுதுறுக்கும் என்று மகள் அவரிடம் சொல்லிவிட்டாள். மறுநாளே அந்த அம்மாள் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவோடு வந்தார். உள்ளே அவர் தாத்தாவின் காகிதங்கள்.

முதல் காகிதம், அமெரிக்கப் பிரஜையாக விரும்புகிறேன் என்ற வாக்குமூலம். ரஷ்யச் சக்கரவர்த்திக்கு இதுவரை இருந்த விசுவாசத்தைத் துறக்கிறேன் என்று அதில் அச்சடித்திருந்தது. பார்த்ததும் எனக்கு எங்கள் ஊர் 'ரெனோன்சான்'கள் ஞாபகம் வந்தது. 1881 ஆணைப்படி தங்கள் ஜாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்று, புதிதாகக் குடும்பப்பெயர் வைத்துக்கொண்டவர்கள் அவர்கள். துறவுக்குக்கூட ஒரு படிவம் வைத்திருப்பது எல்லா சர்க்காருக்கும் பொது போலும்.

ஜெர்மானியர் ஒருவர் ரஷ்யச் சக்கரவர்த்தியை ஏன் துறக்க வேண்டும்? அதற்கு நூறு வருஷம் பின்னால் போக வேண்டும்.

ரஷ்யாவை ஆண்ட இரண்டாம் கேத்தரின் பிறப்பால் ஜெர்மானிய இளவரசி. 1763-ல் ஐரோப்பியக் குடியானவர்களுக்கு ஒரு அழைப்பு விடுத்தார். வந்து நிலத்தைப் பண்படுத்துங்கள். உங்கள் மதம் உங்களுக்கு. சில வருஷம் வரி கிடையாது. பட்டாளத்துக்கு ஆள் எடுக்க மாட்டோம். வோல்கா நதிக்கரைக்கு ஆயிரக்கணக்கில் போனார்கள். பிறகு 1804-ல் அவர் பேரன் முதலாம் அலெக்ஸாண்டர் கருங்கடல் பக்கத்துக்கு ஆள் கூப்பிட்டார். நெப்போலியன் யுத்தங்களால் நொந்துபோயிருந்த அல்சாஸ், பாலட்டினேட், பாடன் பகுதிகளின் ஜனங்கள் வண்டி கட்டினார்கள். 1808-ல் ஒடெஸாவுக்கு அருகே, குச்சூர்கான் என்ற இடத்தில் கிராமங்கள் அமைத்து, விட்டு வந்த ஊர்களின் பெயர்களையே வைத்தார்கள்: செல்ஸ், காண்டல், பாடன், மன்ஹைம், எல்ஸாஸ், ஷ்ட்ராஸ்பர்க். எங்கள் பாடப்புத்தக ஸ்திராஸ்பூருக்கு இப்படி ரஷ்யாவில் ஒரு தங்கை ஊர் பிறந்தது. இன்றைக்கு அது உக்ரைன்.

வாக்கு 1871 வரை நின்றது. அந்த வருஷம் சலுகைகள் ரத்து. 1874-ல் எல்லாருக்கும் கட்டாய ராணுவ சேவை. 'என்றென்றைக்கும்' என்று சர்க்கார் கொடுத்த வாக்குக்கு ஆயுள் நூறு வருஷத்துக்குச் சற்று மேல். உத்தரவுகளை நகல் எடுத்தே காலம் தள்ளிய எனக்கு இதில் ஆச்சரியமில்லை.

அதே சமயம் அமெரிக்காவில் 1862-ன் ஹோம்ஸ்டெட் சட்டம் நடப்பில் இருந்தது. இருபத்தொரு வயது நிரம்பியவரோ குடும்பத் தலைவரோ சொற்பக் கட்டணம் கட்டி 160 ஏக்கர் நிலம் எழுதிக்கொள்ளலாம். ஐந்து வருஷம் அங்கேயே குடியிருந்து பயிர் செய்ததற்கு சாட்சிகளோடு நிரூபித்தால் பட்டா. வெளிநாட்டான் என்றால் பிரஜையாகிறேன் என்ற வாக்குமூலம் முதலில் வேண்டும். டப்பாவில் இருந்த முதல் காகிதம் இதற்குத்தான். இரண்டாவது காகிதம் அந்தப் பட்டா.

1873 முதல் இவர்கள் டகோட்டாவுக்கு வரத் தொடங்கினார்கள். தெற்கு டகோட்டாவின் யுரேக்கா வரை ரயில். அங்கிருந்து வடக்கே மாட்டு வண்டி. மாக்கின்டாஷ், லோகன், எம்மன்ஸ் கவுண்டிகள் முழுக்க இவர்கள்தான் பரவினார்கள். அந்த நிலம் காலியாகக் கிடந்த நிலமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அது லகோட்டா, டகோட்டா மக்கள் காட்டெருமை வேட்டையாடித் திரிந்த புல்வெளி. அவர்களைச் சுருக்கி அடைத்த ஸ்டாண்டிங் ராக் ஒதுக்கீட்டு நிலம் மிசௌரி ஆற்றுக்கு அக்கரையில் இன்றும் இருக்கிறது. ஒருவன் பட்டா இன்னொருவன் வெளியேற்றம். இந்த அம்மாளும் அதை மறைக்காமல் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரையும் ஏற்றிக்கொண்டு, பிஸ்மார்க்கிலிருந்து தென்கிழக்கே சுமார் 120 கிலோமீட்டரில் இருக்கும் ஸ்டிராஸ்பர்க் போனோம். குச்சூர்கானிலிருந்து வந்தவர்கள் வைத்த பெயர். மூன்றாவது ஸ்திராஸ்பூர்! கண்ணுக்கெட்டிய வரை புல்லும் கோதுமையும். மரமே இல்லை. வழியில் வீட்டுக்கு வீடு ஒரு மைல் இடைவெளி. ரஷ்யாவில் இவர்கள் நம்மைப்போல் தெரு அமைத்து, நெருங்கி வீடு கட்டி, வயலுக்குப் போய் வந்தவர்கள். இங்கே சட்டப்படி அவரவர் நிலத்திலேயே அவரவர் குடியிருக்க வேண்டும். 160 ஏக்கர் கிடைத்தது, தெரு போயிற்று. பனிக்காலத்தில் மாதக்கணக்கில் அண்டை முகம் பார்க்காமல் பெண்கள் பட்ட பாடு சொல்லி முடியாது என்றார் அந்த அம்மாள்.

மரமில்லாத ஊரில் வீடு எதால் கட்டுவது? களிமண்ணில் வைக்கோலைப் போட்டு மிதித்து, கல் அறுத்து, வெயிலில் காயவைத்துக் கட்டினார்கள். நம் பச்சைக்கல் சுவரேதான். அடுப்புக்கு? சாணத்தையும் வைக்கோலையும் மிதித்துப் பரப்பி, துண்டு போட்டுக் காயவைத்து எரித்தார்கள். அந்த அம்மாள் வெட்கத்தோடு, தயங்கித் தயங்கித்தான் இதைச் சொன்னார். என் மனைவி சிரித்துவிட்டு, "எங்க மாமியார் வறட்டி தட்டின சுவர் இன்னும் இருக்குன்னு சொல்லுடி" என்று மகளிடம் சொன்னாள். அதற்குப் பிறகு அந்த அம்மாள் எங்களிடம் எதையும் தயங்கிச் சொன்னதில்லை.

ஊருக்கு வெளியே, மண்கல் சுவருக்கு மேல் பலகை அடித்த சிறிய வீடு ஒன்றைப் பார்த்தோம். லாரன்ஸ் வெல்க் என்ற இசைக்குழுத் தலைவர் 1903-ல் பிறந்த வீடு. பெற்றோர் 1892-ல் வந்தவர்கள். இருபத்தொரு வயது வரை பண்ணையில் உழைப்பேன் என்று வாக்குக் கொடுத்து, அப்பாவிடம் 400 டாலர் அக்கார்டியன் ஒன்றை வாங்கிக்கொண்டார். வாக்குப்படி இருபத்தொன்றாவது பிறந்தநாளில்தான் வீட்டை விட்டுக் கிளம்பினார். பிறகு பல்லாண்டு அமெரிக்கத் தொலைக்காட்சியில் கொடிகட்டிப் பறந்தார். அமெரிக்காவிலேயே பிறந்தும் அவர் ஆங்கிலத்தில் கடைசிவரை ஜெர்மன் வாடை போகவில்லை. வீடு, கோயில், கடைத்தெரு எல்லாம் ஜெர்மன்.

அந்த ஜெர்மன் எப்படிப் போயிற்று? முதல் உலக யுத்தம். 1917-ல் அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியதும் ஜெர்மன் பேசுகிறவன் எல்லாம் சந்தேகப் பேர்வழி. பக்கத்திலிருக்கும் தெற்கு டகோட்டாவில் 1918-ல் பள்ளியிலும் பிரார்த்தனையிலும் தொலைபேசியிலும்கூட ஜெர்மன் கூடாது என்று உத்தரவு போட்டார்கள். நெப்ராஸ்காவில் ஒரு சிறுவனுக்கு ஜெர்மன் வாசிக்கச் சொல்லிக் கொடுத்த ஆசிரியருக்கு 25 டாலர் அபராதம். 1923-ல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. தீர்ப்பு சரிதான். ஆனால் அதற்குள் பிள்ளைகளோடு ஆங்கிலமே பேசுவது நல்லது என்று பல தாய்மார்கள் முடிவுகட்டிவிட்டார்கள். சிறுவயதில் நான் அழுத கதையை மறுபடி நினைத்தேன். அங்கே பிரெஞ்சுக்குக் கடைசி வகுப்பு, இங்கே ஜெர்மனுக்கு. அதிகாரம் எந்த மொழி பேசினாலும், வகுப்பில் உட்கார்ந்திருப்பது என்னவோ குழந்தைகள்தான்.

கல்லறைத் தோட்டத்தில் கொல்லர்கள் காய்ச்சி வளைத்த இரும்புச் சிலுவைகள் வரிசையாக நின்றன. சூரியக் கதிர், பூ, சுருள் என்று ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. 'இங்கே இளைப்பாறுகிறார்' என்று ஜெர்மனில் எழுதியிருந்தது. அந்த அம்மாள் தாத்தாவின் சிலுவையை விரலால் தடவிப் படித்தார். அவருக்குத் தெரிந்த ஜெர்மன் அவ்வளவுதான்: சிலுவையில் இருப்பது, ஒரு ஜெபம், பாட்டி திட்டும் நாலைந்து வார்த்தை.

டப்பாவின் மூன்றாவது காகிதங்களைப் பற்றி அன்று திரும்பும்போதுதான் சொன்னார். அவை கடிதங்கள். தாத்தாவுக்கு ஒரு தம்பி. அண்ணன் கப்பல் ஏறினார். தம்பி, நிலம் நன்றாக இருக்கிறதே, எதற்குப் போக வேண்டும் என்று ரஷ்யாவிலேயே இருந்துவிட்டார். 1921 பஞ்சத்தில் மாவு கேட்டு எழுதியிருக்கிறார். அப்போது டகோட்டாவின் ஜெர்மன் பத்திரிகைகளில் இப்படி எத்தனையோ கிராமங்களின் கடிதங்கள் அச்சாயின. 1932, 33-ல் மறுபடியும் பஞ்சம், மறுபடியும் கடிதம். அத்தோடு நின்றுவிட்டது. அதன் பிறகு அங்கே நடந்தது சரித்திரம்: 1937, 38 கைதுகள், பிறகு யுத்தம், எஞ்சியவர்கள் சைபீரியாவுக்கும் கஜகஸ்தானுக்கும். தம்பி குடும்பம் எதில் போயிற்று என்று இவர்களுக்குத் தெரியாது. இந்தக் கடிதங்களை இவர் அம்மா ஐம்பது வருஷம் பத்திரமாக வைத்திருந்தார். பழைய ஜெர்மன் கையெழுத்து, வீட்டில் ஒருவருக்கும் படிக்க வராது. மகன் ஃபார்கோ பல்கலைக்கழகத்தில் விசாரித்து ஆள் பிடித்து மொழிபெயர்த்து வாங்கியபோது, இவருக்கு எழுபது வயது. "மாவு கேட்டிருக்கிறார் என்பதே எனக்கு எழுபது வயதில்தான் தெரியும்" என்றார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

1962 ஆகஸ்டில் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். என் சிற்றப்பா எழுதிக் கொடுத்தார். என் அப்பா கொடுக்கவில்லை. எனக்கு அப்போது பதின்மூன்று வயது; திண்ணையில் இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. சிற்றப்பா பிரான்சு போய்ச் சேர்ந்தார். எங்களுக்கு டகோட்டா, ரஷ்யா போல் ஒன்றும் நேரவில்லை. இரண்டு பக்கமும் சோற்றுக்குப் பஞ்சமில்லை. அப்பா கடைசிவரை, "அவன் செய்தது சரியா, நான் செய்தது சரியா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். யார் பதில் சொல்வது? படிவத்தில் கையெழுத்துப் போடுகிற அன்று எதிர்காலம் எந்தப் பத்தியிலும் எழுதியிருப்பதில்லை.

ஊர் திரும்பியதும் அப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். சிற்றப்பா தமிழில் எழுதிய கடிதங்கள் நாற்பத்து மூன்று. அவருடைய பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. எனக்கோ பிரெஞ்சு துருப்பிடித்துக் கிடந்தது. ஓய்வு பெற்றபின் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யோசித்ததுண்டு. இப்போது மின்விசிறியடியில் உட்கார்ந்து, ஒரு பக்கம் தமிழ், எதிர்ப்பக்கம் பிரெஞ்சு என்று நோட்டில் எழுதி வருகிறேன். பதினெட்டு கடிதங்கள் முடிந்துவிட்டன. பத்தொன்பதாவதில் சிற்றப்பா, வடகத்துக்கு என்ன அளவு உப்பு என்று என் அம்மாவிடம் கேட்டிருக்கிறார். 'வடகம்' என்பதற்குப் பிரெஞ்சில் என்ன எழுதுவது என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அன்பர்கள் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.