ஆடுமிடமும் பார்ப்போரும்: அமெரிக்கக் கல்லூரி லாக்ராஸ் இறுதிச்சுற்றின் வரலாறு

1970ஆம் ஆண்டுப் பருவத்தில் கார்னெல் பல்கலைக்கழக லாக்ராஸ் அணி ஆடிய பதினொரு ஆட்டங்களிலும் வென்றது. ஆனாலும் அந்த ஆண்டின் தேசியப் பட்டம் ஜான்ஸ் ஹாப்கின்ஸ், வர்ஜீனியா, அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி ஆகிய மூன்றுக்கும் பங்கிட்டுத் தரப்பட்டது. தோல்வியே காணாத அணிக்குக் கோப்பையில் பங்கில்லை. அன்றைய நடைமுறையில் இதை யாரும் முறைகேடு என்று சொல்லிவிட முடியாது. 1936 முதல் வழங்கப்பட்டுவந்த விங்கேட் நினைவுக் கோப்பைக்கு இறுதிப்போட்டி என்று ஒன்றே கிடையாது. பருவம் முடிந்த பின் அணிகள் மோதிய எதிராளிகளின் தரத்தை எடைபோட்டு, கல்லூரிகளுக்கிடையேயான லாக்ராஸ் சங்கம் வெற்றியாளரை அறிவிக்கும். பழம்பெரும் அணிகளோடு மோதாதவர்கள் எத்தனை வென்றாலும் அந்தத் தராசில் எடை குறைவுதான். பின்னாளில் அமெரிக்கக் கால்பந்தில் பெரும்புகழ் பெற்ற ஜிம் பிரவுன் ஆடிய 1957ஆம் ஆண்டு சிரக்யூஸ் அணிக்கும் இதுவே நேர்ந்தது. பத்துக்குப் பத்து வென்றும் பட்டம் ஹாப்கின்ஸுக்குப் போயிற்று.

பட்டம் ஒரு கூட்ட அறையில் தீர்மானிக்கப்பட்ட காலத்தில் அதற்கென்று ஒரு பார்வையாளர் கூட்டமும் இருந்ததில்லை. தனித்தனி ஆட்டங்களுக்கு ஆள் வந்தார்கள். ஒரு பருவத்தின் முடிவைக் கண்ணால் காண வழியில்லை. இன்று மே மாதக் கடைசி வாரத்தில் பல்லாயிரம் பேர் கூடும் இறுதிச்சுற்று, ஆட்டம் எங்கே நடக்க வேண்டும் என்று எடுக்கப்பட்ட சில முடிவுகளின் விளைவாக உருவானது. அணிகளின் ஏற்றத்தாழ்வைக் காட்டிலும் அந்த இடமாற்றங்களே ரசிகரை உருவாக்கின என்பது இக்கட்டுரையின் வாதம்.

வலை கட்டிய கோலால் பந்தை ஏந்தி எறியும் இந்த ஆட்டத்தின் வேர் மிகப் பழையது. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதித் தொல்குடிகள், குறிப்பாக ஹோடனஷோனி கூட்டமைப்பினர், இதைப் படைத்தவனுக்கு உகந்த ஆட்டமாகவும் நோய் தீர்க்கும் சடங்காகவும் ஆடிவந்தார்கள். 1867இல் மான்ட்ரியலைச் சேர்ந்த பல் மருத்துவர் வில்லியம் ஜார்ஜ் பீர்ஸ் அதற்கு அச்சிட்ட விதிகளைத் தந்தார். பத்து ஆண்டுகளில் அது நியூயார்க் கல்லூரிகளுக்குள் நுழைந்தது. 1881இல் ஒரு சிறு கல்லூரித் தொடர்கூட நடந்திருக்கிறது, ஹார்வர்டு வென்றது. அதன்பின் ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் இவ்வளவு மூத்த ஒன்றுக்கு, முறையான வெளியேற்றுச் சுற்று அமையவில்லை. பால்டிமோர், லாங் ஐலண்ட், நியூயார்க் மாநிலத்தின் நடுப்பகுதி என்று சில வட்டாரங்களுக்குள்ளேயே ஆட்டம் சுழன்றதால், எல்லாரும் எல்லாரையும் அறிந்திருந்தார்கள். தேர்வுக் குழுவின் தீர்ப்பே போதும் என்ற மனநிலைக்கு அந்த நெருக்கமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

1971இல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. எட்டு அணிகளைக் கொண்டு முதல் தொடரை நடத்தியது. ஜூன் 5 அன்று லாங் ஐலண்டின் ஹெம்ப்ஸ்டெட்டில், ஹாஃப்ஸ்ட்ரா மைதானத்தில் இறுதிப்போட்டி. ரிச்சி மோரான் பயிற்றுவித்த கார்னெல், மேரிலாந்தை 12-6 என்று தோற்கடித்தது. முந்தைய ஆண்டு ஒதுக்கப்பட்ட அணியே புதிய முறையின் முதல் சாம்பியன் ஆனது. அன்று பார்த்தவர்கள் 5,458 பேர். ஒரு கல்லூரி மைதானத்துக்கு அது நிறைவான கூட்டம்தான்.

அடுத்த பதினைந்து ஆண்டுகளை வளாகக் காலம் எனலாம். காலிறுதியும் அரையிறுதியும் பங்கேற்கும் கல்லூரிகளின் சொந்த மைதானங்களில் நடந்தன. இறுதிப்போட்டி மட்டும் முன்கூட்டியே குறித்த ஒரு வளாகத்துக்குப் போகும். ரட்கர்ஸ், பிரவுன், வர்ஜீனியா, பிரின்ஸ்டன் என்று அது ஊர் ஊராகச் சுற்றியது. 1973இல் ஃபிலடெல்ஃபியாவின் ஃபிராங்க்லின் ஃபீல்டில் மேரிலாந்து இரண்டாம் கூடுதல் நேரத்தில் ஹாப்கின்ஸை 10-9 என்று வென்றது. 1976இல் கார்னெலும் மேரிலாந்தும் தோல்வியறியாமல் இறுதிக்கு வந்தன. அதுவும் கூடுதல் நேரத்தில்தான் முடிந்தது. முதல் ஏழு ஆண்டுப் பட்டங்களையும் கார்னெல், வர்ஜீனியா, மேரிலாந்து, ஹாப்கின்ஸ் ஆகிய நான்கு அணிகளே பங்கிட்டுக்கொண்டன. ரசிகர் என்றால் அந்தக் கல்லூரியின் மாணவர், முன்னாள் மாணவர், வீரரின் பெற்றோர். தன் அணி தோற்றுவிட்டால் இறுதிப்போட்டிக்குப் போக அவருக்குக் காரணம் இல்லை.

இந்தப் பிணைப்பைத் தளர்த்தியதில் சிரக்யூஸுக்குப் பெரும் பங்குண்டு. 1983 இறுதியில் ஹாப்கின்ஸிடம் 12-5 என்று பின்தங்கியிருந்த அணி, 17-16 என்று வென்று தன் முதல் என்.சி.ஏ.ஏ. பட்டத்தைப் பெற்றது. பயிற்சியாளர் ராய் சிம்மன்ஸ் ஜூனியர் ஒரு சிற்பியும்கூட. ஒழுங்கைவிடக் கற்பனைக்கு இடம் தரும் ஆட்டத்தை அவர் வளர்த்தார். அதன் உச்சம் 1988 அரையிறுதி. லாக்ராஸில் கோல் சட்டகம் எல்லைக்கோட்டின் மேல் நிற்பதில்லை. அதன் பின்னாலும் ஆட இடம் உண்டு. பென்சில்வேனியா அணிக்கு எதிரான அந்த ஆட்டத்தில் சிரக்யூஸ் வீரர் கேரி கெய்ட் கோலுக்குப் பின்னாலிருந்து ஓடிவந்து எம்பி, காற்றில் மிதந்தபடியே குறுக்குக் கம்பிக்கு மேலாகக் கையிலிருந்த கோலை நீட்டிப் பந்தை வலைக்குள் திணித்தார். ஒருமுறை அல்ல, இருமுறை. சிரக்யூஸ் 11-10 என்று தப்பித்தது. பின்னர் விதிகள் அந்தப் பாய்ச்சலைத் தடைசெய்தன. ஒரு விளையாட்டு தன் மிக அழகான தருணத்தையே சட்டவிரோதமாக்கியது விந்தைதான். ஆனால் சிரக்யூஸுக்கும் பென்சில்வேனியாவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லாதவர்கள் அந்தக் காட்சியைப் பேசினார்கள். அணிக்காக வந்த பார்வையாளரின் பக்கத்தில் ஆட்டத்துக்காக வருபவரும் உட்காரத் தொடங்கிய காலம் இது.

அவருக்கு ஏற்ற அமைப்பு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே உருவாகியிருந்தது. 1986இல் டெலவேர் பல்கலைக்கழக மைதானத்தில் இரு அரையிறுதிகளும் இறுதியும் முதன்முறையாக ஒரே இடத்தில் நடந்தன. வடக்கு கரோலைனா கூடுதல் நேரத்தில் வர்ஜீனியாவை 10-9 என்று வென்றது என்பது அந்த வார இறுதியின் சிறிய செய்தி. நான்கு அணிகளின் ரசிகர்கள் மூன்று நாள் ஒரே ஊரில் தங்கினார்கள் என்பதே பெரிய செய்தி. சனிக்கிழமை அரையிறுதி, திங்கட்கிழமை இறுதி என்ற ஒழுங்கு நிலைபெற, நடுவிலிருந்த ஞாயிறு பின்னர் இரண்டாம், மூன்றாம் பிரிவுக் கல்லூரிகளின் இறுதிப்போட்டிகளால் நிரம்பியது. ஹோபார்ட், சாலிஸ்பரி போன்ற சிறு கல்லூரிகளின் ஆதரவாளர்களும் அதே கூட்டத்தில் கலந்தார்கள்.

இந்த மூன்று நாளின் இயல்பு ஸ்கோர் பலகையில் தெரியாது. ஆட்டம் தொடங்கப் பல மணி நேரம் முன்பே வாகன நிறுத்துமிடம் நிரம்பிவிடும். காரின் பின்கதவைத் திறந்துவைத்து, கரி அடுப்பில் இறைச்சி வாட்டி, மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்து பேசும் டெயில்கேட்டிங் வழக்கம் அமெரிக்கக் கால்பந்துக்கும் உண்டு. ஆனால் இங்கே கார்களின் இடைவெளியெல்லாம் சிறுவர்கள் லாக்ராஸ் கோலோடு பந்து பரிமாறிக்கொண்டிருப்பார்கள். கவனிக்காமல் நடப்பவரின் முதுகில் கெட்டி ரப்பர் பந்து வந்து விழும் வாய்ப்பு எப்போதும் உண்டு. அணிந்திருக்கும் சட்டைகளில் களத்தில் ஆடும் நான்கு கல்லூரிகளின் நிறம் சிறுபான்மை. தோற்று வீடு திரும்பிய அணிகள், உயர்நிலைப் பள்ளிகள், சிறுவர் கிளப்புகள் என்று நூறு நிறங்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒன்றாக ஆடியவர்கள் ஆண்டுக்கொருமுறை சந்திக்கும் இடம் அதுவே. அவர்களில் சிலருக்குக் களத்தில் யார் ஆடுகிறார்கள் என்பதே இரண்டாம்பட்சம்.

ஆட்டம் பெரிதும் குடும்பம் வழியாகவும் செலவுமிக்க தனியார் பள்ளிகள் வழியாகவும் பரவியதன் விளைவு இந்த நெருக்கம். அதில் ஒரு வர்க்கச் சாயல் படிந்திருக்கிறது. கோல், தலைக்கவசம், கையுறை, தோள்காப்பு எல்லாம் வாங்கித் தரக்கூடிய வீடுகளின் பிள்ளைகளே பெரும்பாலும் அந்த வாகன நிறுத்துமிடத்தில் ஓடுகிறார்கள். கூட்டத்தின் அன்னியோன்யத்தைப் புகழ்ந்து எழுதுபவர்கள் இதைக் கடந்து போய்விடுகிறார்கள்.

2003இல் அடுத்த இடமாற்றம். அதுவரை ரட்கர்ஸ், மேரிலாந்து போன்ற வளாகங்களில் இருபதாயிரத்தை ஒட்டிய கூட்டத்தோடு நடந்துவந்த இறுதிச்சுற்று, பால்டிமோர் நகரத் தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து அணியின் எம்&டி பேங்க் ஸ்டேடியத்துக்குப் போனது. வர்ஜீனியா ஹாப்கின்ஸை 9-7 என்று வென்ற திங்கட்கிழமை 37,944 பேர் வந்திருந்தார்கள். அடுத்த ஆண்டு 43,898. ஃபிலடெல்ஃபியாவின் லிங்கன் ஃபைனான்ஷியல் ஃபீல்டில் 2006இல் 47,062. பாஸ்டனுக்கு அருகே ஃபாக்ஸ்பரோவின் கில்லெட் ஸ்டேடியத்தில், சிரக்யூஸ் ஹாப்கின்ஸை வென்ற 2008இல் 48,970. 1971இன் ஹெம்ப்ஸ்டெட் கூட்டத்தோடு ஒப்பிட்டால் ஒன்பது மடங்குக்குச் சற்றுக் குறைவு.

இந்த ஏற்றத்தின் நடுவில் வந்த 2004 இறுதியை மட்டும் தனியே பார்க்க வேண்டும். மே மாதக் கடைசித் திங்கள் அமெரிக்காவில் போரில் இறந்தவர்களை நினைவுகூரும் நாள். அது நிலையான திங்கட்கிழமை விடுமுறையாக நடைமுறைக்கு வந்ததும் முதல் தொடர் நடந்த அதே 1971இல்தான், தற்செயல் ஒற்றுமை. 2004இல் ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் போர் நடந்துகொண்டிருக்க, அந்த நாளில் சிரக்யூஸை எதிர்த்துக் களமிறங்கியது கடற்படைக் கல்லூரி. மைதானத்தில் பொதுவான ரசிகர்களின் மனம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. கடற்படை 14-13 என்று தோற்றது. அந்த அணியில் தன் இரு சகோதரர்களோடு ஆடிய பிரெண்டன் லூனி 2010இல் ஆப்கானிஸ்தானில் உயிரிழந்தார். பிற ஆண்டுகளில் தேசிய கீதமும் மௌன அஞ்சலியும் சம்பிரதாயமாகக் கடந்துபோகலாம். அந்த ஆண்டு அப்படி இருக்க வழியில்லை.

2008க்குப் பின் கூட்டம் மெல்லக் கரைந்தது. 2013 முதல் சில ஆண்டுகளில் இறுதிப்போட்டி முப்பதாயிரத்தைத் தொடவில்லை. ஆட்டத்தின் தரம் இதற்குக் காரணம் அன்று. 2009இல் சிரக்யூஸ் ஆட்டம் முடிய ஐந்து விநாடிக்கும் குறைவாக இருக்கையில் சமன் செய்து கார்னெலை வென்றது. 2010இல் டியூக் வீரர் சி.ஜே. காஸ்டபில் கூடுதல் நேரம் தொடங்கிய ஐந்தாம் விநாடியில் கோலடித்து நோட்ரடேமை வீழ்த்தினார். தண்ணீர் வாங்கப் போனவர் திரும்புவதற்குள் பட்டம் முடிவாகிவிட்டது. பருவம் முழுவதும் ஆட்டங்கள் தொலைக்காட்சியில் கிடைக்கத் தொடங்கியது, டிக்கெட்டோடு ஓட்டல் செலவும் ஏறியது, விடுமுறை நாளில் குடும்பத்தோடு மூன்று நாள் வெளியூரில் தங்கும் சுமை ஆகியவற்றைக் காரணங்களாகச் சொல்லலாம். என் பார்வையில் இடமும் ஒரு காரணம். இருபத்தையாயிரம் பேர் கல்லூரி மைதானத்தில் ஆரவாரம். எழுபதாயிரம் இருக்கைகள் கொண்ட அரங்கில் அதே இருபத்தையாயிரம் பேர் வெறுமை. 2021, 2022 இறுதிகள் கனெக்டிகட்டின் கிழக்கு ஹார்ட்ஃபோர்டில் உள்ள, ஏறத்தாழ நாற்பதாயிரம் பேர் கொள்ளும் அரங்கில் நடந்தபோது அளவு பற்றிய இந்தக் கேள்விக்கு ஒரு மாற்று கண்முன் வந்தது. முன்னதில் பெருந்தொற்றுக் கட்டுப்பாடு இருந்ததால் கூட்டத்தை ஒப்பிட முடியாது.

இடம் பற்றிய சிக்கல் 1982இல் தொடங்கிய பெண்கள் தொடருக்கும் உண்டு. அதே மே இறுதியில் பெரும்பாலும் வேறு ஊரில் நடப்பதால், மகனும் மகளும் ஆடும் குடும்பங்கள் எந்தப் பக்கம் போவது என்று தவிக்க நேர்கிறது. 2017இல் இரண்டும் கில்லெட்டில் நடந்தன. மேரிலாந்து இரண்டையும் வென்றது. ஆண்கள் அணிக்கு 1975க்குப் பின் கிடைத்த முதல் பட்டம் அது.

ஆட்டத்தை உருவாக்கிய மக்களுக்கும் இந்த மேடைக்கும் உள்ள உறவு சீரற்றது. ஜிம் பிரவுனோடு 1957 சிரக்யூஸ் அணியில் கோல்கீப்பராக நின்ற ஆனன்டாகா குடியின் ஓரென் லயன்ஸ், பின்னர் ஹோடனஷோனிகளின் சொந்த நாட்டு அணியை நிறுவியவர்களுள் ஒருவர். 2009 இறுதியின் வெற்றிக் கோல் ஆறு குடிகளின் நிலமான சிக்ஸ் நேஷன்ஸைச் சேர்ந்த கோடி ஜேமிசனுடையது. ஆல்பனி பல்கலைக்கழகத்துக்காக ஆடிய லைல் தாம்சனும் அவர் சகோதரர் மைல்ஸும் 2014இல் ஆண்டின் சிறந்த வீரருக்கான டிவாரட்டன் விருதைப் பகிர்ந்துகொண்டார்கள். மோஹாக் மொழியில் இவ்வாட்டத்துக்குரிய பெயரே அந்த விருதின் பெயர். ஆனால் அவர்கள் காலத்து ஆல்பனி இறுதிச்சுற்றின் வார இறுதியை எட்டவில்லை. முதுகில் தொங்கும் தாம்சன்களின் நீண்ட சடையைப் போலவே முடி வளர்த்த சிறுவர்கள் கூட்டத்தில் இருந்தார்கள். களத்தில் தாம்சன்கள் இல்லை.

மேடையின் இடம் கிழக்கை விட்டு நகராததை ஒரு பயிற்சியாளரின் கதையும் காட்டுகிறது. 1988 பருவத்தில் பிரின்ஸ்டனில் பயிற்சியாளராகத் தொடங்கிய பில் டியர்னி முதல் பருவத்தில் இரண்டே ஆட்டம் வென்று பதின்மூன்றில் தோற்றார். 1992இல் சிரக்யூஸை இரண்டாம் கூடுதல் நேரத்தில் வென்று பட்டம் பெற்றார். பிரின்ஸ்டனுக்கு ஆறு பட்டங்கள் வாங்கித் தந்த பின் அவர் ராக்கி மலையடிவாரத்து டென்வருக்குப் போனதை அப்போது பலர் விளங்காத முடிவாகவே பார்த்தார்கள். 2015இல் டென்வர் மேரிலாந்தை 10-5 என்று வென்றபோது, கிழக்கு நேர மண்டலத்துக்கு வெளியிலிருந்து வந்த முதல் சாம்பியன் ஆனது. ஆட்டம் நடந்தது ஃபிலடெல்ஃபியாவில். 1971 முதல் 2025 வரை ஓர் இறுதிப்போட்டிகூட நாட்டின் மேற்கிலோ நடுப்பகுதியிலோ நடத்தப்படவில்லை. டென்வர் ரசிகர்கள் விமானம் ஏறி வந்தார்கள். பால்டிமோர், லாங் ஐலண்ட் குடும்பங்கள் வழக்கம்போல் காரில் வந்து அடுப்பை மூட்டின.