கலைக்களஞ்சியத்தை எழுதுவோர் யார்? — வரலாற்று நோக்கு

அறிவு அனைத்தையும் ஓரிடத்தில் தொகுத்து வைக்க மானிடர் பன்முறை முயன்றுள்ளனர். அத்தகைய பெருநூல்களில் என்ன உள்ளது என்று கேட்போர் பலர். எழுதியவர் யார் என்று கேட்போர் சிலரே. ஆயினும், இரண்டாம் வினாவிற்குரிய விடையே முதல் வினாவின் விடையைப் பெரிதும் உருவாக்குகிறது.

1751 முதல் 1772 வரை தீதெரோவின் தலைமையில் பிரான்சில் வெளிவந்த கலைக்களஞ்சியம் 17 எழுத்துத் தொகுதிகளையும் 11 படத் தொகுதிகளையும் கொண்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் அதற்கு எழுதினர். எனினும் கட்டுரைகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை எழுதியவர் லூயி தெ ஜோக்கூர் ஒருவரே. சீர்திருத்த சமயக் குடும்பத்தில் பிறந்து, ஜெனீவாவில் இறையியலும் லெய்டனில் மருத்துவமும் பயின்ற இவர், ஊதியமின்றி உழைத்தார். தம் எழுத்தர்களுக்குச் சம்பளம் அளிக்கத் தம் வீட்டையே விற்றார். இவரது ஊக்கம் போற்றற்குரியது. ஆனால் விற்பதற்கு ஒரு வீடும், எழுதுவதற்கு ஓய்வும் உடையவரே இவ்வாறு ஈந்திருக்க இயலும் என்பதும் கருதத்தக்கது.

இணைய வழிக் களஞ்சியம் இந்நிலையை மாற்றும் என்று பலர் நம்பினர். 2000-ஆம் ஆண்டு தொடங்கிய நியூப்பீடியாவில் அறிஞர்கள் எழுத, ஏழு கட்ட ஆய்வுக்குப் பின்னரே கட்டுரை ஏற்கப்பட்டது; முதல் ஆண்டில் நிறைவெய்தியவை இருபது அளவே. 2001 சனவரி 15 அன்று தோன்றிய விக்கிப்பீடியாவோ எவரும் எழுதலாம் என்றது. அவ்வாண்டின் இறுதிக்குள் ஏறத்தாழ 20,000 கட்டுரைகள் எழுந்தன.

வாயில் திறக்கப்பட்டது, நுழைந்தவர் யாவர்? 2008-இல் நடந்த கணக்கெடுப்பில், பங்களித்தோருள் பெண்கள் 13 விழுக்காட்டிற்கும் குறைவு எனக் காணப்பட்டது. 2013-இல் அதே தரவுகளை மறுமதிப்பீடு செய்தோர், அது 16 விழுக்காடு அளவில் இருக்கலாம் என்றனர். இதற்குரிய காரணங்கள் பல. ஓய்வு நேரம் அனைவர்க்கும் சமமாக வாய்ப்பதில்லை. பிறர் எழுதியதைத் திருத்தும் துணிவும் அவ்வாறே. மூன்றாவது காரணம் வரவேற்பின் தன்மை. 2007-ஐ ஒட்டி ஆங்கில விக்கிப்பீடியாவில் உழைப்போர் தொகை உச்சத்தை எட்டிப் பின்னர்ச் சரிந்தது. சிதைப்போரைத் தடுக்க வகுத்த விதிகளும் கருவிகளும், நல்லெண்ணத்துடன் வந்த புதியவரின் எழுத்தையும் விரைந்து நீக்கின. அவ்வாறு நீக்கப்பட்டோர் மீண்டும் வருவது அரிதாயிற்று என 2013-இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

எழுதுவோரில் காணும் குறை எழுதப்படுவதிலும் புலப்படுகிறது. இயற்பியலறிஞர் டோனா ஸ்டிரிக்லண்டைக் குறித்து எழுதப்பட்ட வரைவு, போதிய சான்றில்லை என்று 2018 மே மாதத்தில் மறுக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட பின்னரே ஆங்கில விக்கிப்பீடியாவில் அவர் இடம்பெற்றார். இத்தகைய குறையை நீக்கவே 2015-இல் பெண்களின் வாழ்க்கைக் குறிப்புகளை எழுதும் இயக்கம் ஒன்று அங்குத் தோன்றியிருந்தது.

தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது. அதன் தொடக்க காலத்தில் பெரும்பணி ஆற்றிய மயூரநாதன், யாழ்ப்பாணத்தில் பிறந்து ஐக்கிய அரபு நாட்டில் பணிபுரிந்தவர். பேசுவோர் தொகை மிகுந்த இடத்திலிருந்தே எழுதுவோர் வருவர் என்பது விதியன்று என்பதற்கு அவர் சான்று. 2010-இல் கோவையில் நடைபெற்ற செம்மொழி மாநாட்டையொட்டிக் கல்லூரி மாணவர்க்குக் கட்டுரைப் போட்டி நடத்தப்பட்டது, அழைப்பும் இப்பணிக்கு வேண்டும் என்று உணரப்பட்டதைக் காட்டுகிறது.

ஆகவே, தடையை நீக்குவது முதற்படி மட்டுமே. நேரமும் துணிவும் அன்பான வரவேற்பும் யாருக்குக் கிடைக்கின்றனவோ, அவர்களே எழுதுகின்றனர். அவர்கள் அறிந்ததே அறிவு என்று பதிவாகிறது. எந்நூலையும் ஆதாரமாகக் கொள்ளும் மாணவன், அதில் உள்ளதைக் கற்பதுடன், அதை எழுத வராதவர் யாவர் என்றும் வினவக் கடமைப்பட்டவன்.