கோப்பு வழங்கிகளில் நிரம்பி வழியும் நினைவகம்: ஆவணம் காப்போர் அறிய வேண்டியவை

வன்னியில் உள்ள சிறிய அலுவலகம் ஒன்றின் கணினிகளைச் சில ஆண்டுகளாக நான் பார்த்து வருகிறேன். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் கொண்டுவரும் ஆவணங்களை அங்கே ஸ்கான் செய்து வைக்கிறார்கள். பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, செஞ்சிலுவைக் குழுவின் பதிவுத் துண்டு, 2013இல் நியமிக்கப்பட்ட ஜனாதிபதி ஆணைக்குழுவுக்குக் கொடுத்த மனு, மடித்து மடித்துக் கிழிந்துபோன பாடசாலைப் புகைப்படம். எல்லாம் ஒரு சிறிய பெட்டிக்குள் இருக்கின்றன. அலுவலகக் கணினிகள் எல்லாவற்றுக்கும் கோப்புகளைக் கொடுக்கும் வழங்கி, அதாவது சேர்வர், அதுதான்.

ஒருநாள் ஒரு அம்மா கேட்டார்: "தம்பி, இது இந்தப் பெட்டிக்குள்ளயே இருக்குமோ? வேற ஆரும் எடுக்கேலாதோ?"

"ஏலாது அம்மா" என்று சொல்லிவிட்டேன். அன்று மாலை றவுட்டரைத் திறந்து பார்த்தபோதுதான் நான் சொன்னது தவறு என்று தெரிந்தது. வெளியூரில் இருந்தும் கோப்புகளைப் பார்க்கலாம் என்பதற்காக, 445ஆம் இலக்கப் போர்ட்டை யாரோ இணையத்துக்குத் திறந்து விட்டிருந்தார்கள். பெட்டியின் மென்பொருளைப் பல வருடங்களாக எவரும் இற்றைப்படுத்தவில்லை.

கடவுச்சொல் இருக்கிறதுதானே என்று கேட்பீர்கள். நான் சொல்லப் போகும் பிழையில் கடவுச்சொல்லைக் கேட்கும் கட்டத்துக்கே தாக்குபவர் வரத் தேவையில்லை.

ஒரு பதிவேட்டை நினைத்துக் கொள்ளுங்கள். பெயர் எழுத ஒரு கட்டம். அதற்குக் கீழே, 'இதை முடித்ததும் 12ஆம் பக்கத்துக்குச் செல்க' என்று எழுதுவினைஞருக்கு ஒரு குறிப்பு. அவர் சொல்வதைச் சொன்னபடி எழுதுபவர். கட்டம் நிறைந்ததா என்று பார்க்க மாட்டார். வந்தவர் மிக நீண்ட 'பெயர்' ஒன்றைச் சொல்கிறார். எழுத்துகள் கட்டத்தைத் தாண்டி, கீழே இருந்த குறிப்பின் மேலேயே விழுகின்றன. இப்போது அங்கே வந்தவர் சொன்ன பக்க இலக்கம் இருக்கிறது. எழுதுவினைஞர் அந்தப் பக்கத்துக்குப் போய், அங்கே உள்ளதைச் செய்கிறார். கணினியின் நினைவகத்தில் இது நடப்பதைத்தான் பஃபர் ஓவர்ஃபுளோ என்கிறார்கள். சி மொழியில் எழுதப்பட்ட நிரல் கட்டத்தின் எல்லையைத் தானாகப் பார்க்காது. எழுதியவர்தான் பார்க்க வேண்டும்.

இவ்வகைப் பெட்டிகள் பலவற்றில் ஓடுவது சம்பா என்ற மென்பொருள். அரிசியல்ல, எஸ்எம்பி என்ற நெறிமுறையின் எழுத்துகள் வரும் ஒரு சொல்லைத் தேடி வைத்த பெயர். 2003 ஏப்ரலில் அதில் வெளிப்பட்ட ஓட்டை இன்றைக்கும் பாடமாகச் சொல்லத் தக்கது. வெளியிலிருந்து வரும் கோப்புப் பெயரை 1024 பைட் இடத்துக்குள் நகலெடுக்கும் ஒரு வரி. அந்த வரி அளவு பார்க்கத்தான் செய்தது. ஆனால் பார்த்தது இடத்தின் அளவையல்ல, வந்த பெயரின் அளவை! கடவுச்சொல் இல்லாத ஒருவரே முழு இயந்திரத்தையும் கைப்பற்ற அது போதுமாக இருந்தது. 2.2.8ஏ பதிப்பில் திருத்தினார்கள்.

2017இல் வின்டோஸில் வெளிப்பட்ட 'இட்டர்னல்புளூ' இன்னும் நுட்பமானது. ஒரு பட்டியலின் நீளம் 32 பிட் எண்ணாக வைக்கப்பட்டிருந்தது. அதைக் குறைத்து எழுதும்போது நிரல் கீழ்ப்பாதியான 16 பிட்டை மட்டும் மாற்றியது. 65,536 என்பது 65,373 ஆகக் குறைந்திருக்க வேண்டும். மாறாக 130,909 ஆனது. ஒதுக்கிய இடம் சிறியது, நகலெடுத்த அளவு பெரியது. மைக்ரோசொப்ட் மார்ச் 14 அன்றே திருத்தத்தை வெளியிட்டது. மே 12 அன்று 'வனாக்ரை' பரவியபோது அதை நிறுவாத கணினிகள் ஏராளம். பிரித்தானிய மருத்துவமனைகள் நோயாளர்களைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. இந்த ஓட்டையை அமெரிக்கத் தேசிய பாதுகாப்பு முகவரகம் முன்பே அறிந்து தன்னிடம் வைத்திருந்தது என்பதே பரவலான கணிப்பு. அரசுகளால் தேடப்படும் தகவலை வைத்திருப்பவர்கள் அதை மறக்கக் கூடாது.

நிரல் எழுதுவோர் செய்ய வேண்டியது ஒன்றே: வெளியிலிருந்து வரும் எந்த நீள எண்ணையும் நம்பாமல், நகலெடுக்கும் முன் இருக்கும் இடத்தோடு ஒப்பிடுவது. கூட்டிக் கழித்த பின்னும் எண் சுற்றி வந்துவிடவில்லையா என்று பார்ப்பது. தாறுமாறான தரவை ஊட்டிச் சோதிப்பதும், எல்லையைத் தானே பார்க்கும் ரஸ்ட் போன்ற மொழிகளும் உதவும். ஆனாலும் பிழை வந்துகொண்டுதான் இருக்கும். ஆப்பிள் கணினிகளுக்காகச் சம்பாவில் சேர்க்கப்பட்ட பகுதியில் 2022இலும் இதே வகை ஓட்டை திருத்தப்பட்டது.

ஆகவே எங்கள் பக்கத்தில் நான் செய்தவை இவை. முதலில் 445, 139 ஆகிய இரண்டு போர்ட்டுகளையும் றவுட்டரில் மூடினேன். வெளியிலிருந்து பார்க்க வேண்டியவர்களுக்கு விபிஎன் அமைத்தேன். எஸ்எம்பியின் முதலாம் பதிப்பை நிறுத்தினேன். இட்டர்னல்புளூ நுழைந்த வழி அதுதான், 2019இல் வந்த சம்பா 4.11 முதல் அது இயல்பாகவே நிறுத்தப்பட்டுள்ளது. தயாரிப்பாளர் திருத்தம் கொடுப்பதை நிறுத்திய அந்தப் பெட்டியைக் கைவிட்டு, பழைய கணினி ஒன்றில் லினக்ஸும் புதிய சம்பாவும் போட்டோம். செலவு குறைவு. ஸ்கான் செய்யும் ஒரு கணினியைத் தவிர மற்றவற்றுக்கு வாசிக்க மட்டுமே அனுமதி. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வெளி வன்தட்டில் ஒரு பிரதி எடுத்து, வயரைக் கழற்றி, வேறொரு வீட்டில் வைக்கிறோம். இணைப்பில் இல்லாத தட்டை எந்தப் புழுவும் தொடாது.

அந்த அம்மா அடுத்த தடவை வந்தபோது நடந்ததைச் சொன்னேன். "அப்ப ஆரும் எடுத்தவையோ தம்பி?" என்று கேட்டார். பழைய பெட்டி இரண்டு கிழமைப் பதிவுகளை மட்டுமே வைத்திருந்தது. அதற்கு முந்தியதைப் பற்றி என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.