தாம்பரம் ரயிலும் கல்லூரிக் கட்டணமும்

பி.காம். படிக்கிறவனுக்கு சரித்திரம் எதற்கு என்று கேட்காதீர்கள். இதிலும் ஒரு வரவு செலவுக் கணக்கு இருக்கிறது.

சென்னை கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் 1931-ல் வந்தது. இந்தியாவில் மீட்டர் கேஜ் பாதையில் ஓடிய முதல் மின்சார ரயில் இதுதான். (அந்த மீட்டர் கேஜ் ரயில் 2004 ஜூலை 1-ஆம் தேதியோடு நின்றுபோய், அகலப்பாதை மட்டும் மிஞ்சியது.) அப்போது தாம்பரம் ஊருக்கு வெளியே எங்கேயோ இருந்த இடம். ஆனால் ரயில் வந்த ஆறே வருடத்தில், 1937-ல், பாரிமுனைப் பக்கம் இருந்த சென்னை கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்துக்குக் குடிவந்துவிட்டது. பிறகு குரோம்பேட்டையில் 1949-ல் எம்.ஐ.டி., மீனம்பாக்கத்தில் 1952-ல் ஜெயின் கல்லூரி, மறுபடி குரோம்பேட்டையில் 1968-ல் பெண்களுக்கான வைஷ்ணவக் கல்லூரி. எல்லாம் தண்டவாளத்தை ஒட்டியே! ஸ்டேஷனில் இறங்கி நடந்தே போய்விடலாம்.

அதனால் மாணவனுக்கு ஒரே செலவு சீசன் டிக்கெட்தான். அதிலும் மாணவர்களுக்குப் பாதிக் கட்டணம். பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச சீசனே உண்டு. மாணவிகளுக்கு 12-ஆம் வகுப்பு, மாணவர்களுக்கு 10-ஆம் வகுப்பு வரை என்றிருந்த அந்தச் சலுகையை 2008 ரயில்வே பட்ஜெட்டில் லாலு பிரசாத் நீட்டித்தார். மாணவிகளுக்குப் பட்டப்படிப்பு முடியும்வரை, மாணவர்களுக்கு 12-ஆம் வகுப்பு வரை. (பொறாமையெல்லாம் இல்லைங்க. தூரத்தையும் செலவையும் சொல்லிப் படிப்பை நிறுத்துவது பெரும்பாலும் பெண்பிள்ளைகளுக்குத்தானே நடக்கிறது?)

கணக்கு எங்கே உதைத்தது? 1984-க்குப் பிறகு தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் வர ஆரம்பித்தன. அவற்றுக்கு நிறைய நிலம் வேண்டும், அதுவும் மலிவாக. தண்டவாளத்தை ஒட்டி அது ஏது? பழைய மாமல்லபுரம் சாலையைப் பாருங்கள். படூரில் 1985-ல் இந்துஸ்தான், காலவாக்கத்தில் எஸ்.எஸ்.என். அந்தச் சாலையில் ரயிலே கிடையாது. மெட்ரோ வேலை இப்போதுதான் நடக்கிறது, அதுவும் சிறுசேரி வரைக்கும்தான்.

தாம்பரத்திலிருந்து அந்தப் பக்கம் படிக்கப் போகிறவனுக்கு ரயில் சீசன் எதற்கு ஆகும்? மாநகரப் பேருந்தில் தொங்க வேண்டும், இல்லாவிட்டால் கல்லூரிப் பேருந்துக்கு வருடக் கட்டணம் கட்ட வேண்டும். ஷேர் ஆட்டோக்காரரிடம் ஐ.டி. கார்டை நீட்டினால் சிரிப்பார். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசம் என்பதால் மாணவிகளுக்கு அந்தச் செலவு கொஞ்சம் குறைந்தது.

கல்லூரியில் சேரும்போது டியூஷன் ஃபீஸை மட்டும்தான் எல்லோரும் விசாரிக்கிறோம். பேருந்துக் கட்டணத்தையும் எத்தனை வருடப் படிப்போ அத்தனையால் பெருக்கி, பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.