சேவை முடிந்த பின் வீடு: நேவ்ஸ்மயர் வழக்கும் மலையக லயக் குடியிருப்பும்

படையிலிருந்து விலகியவர்களும் அவர்களது குடும்பங்களும் வீடற்றுப்போவதை ஆராய்பவர், சேவைக் காலத்தில் அவர்கள் எந்த உரிமையில் ஒரு கூரையின்கீழ் இருந்தார்கள் என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. முகாம் குடியிருப்பு சேவையோடு வருகிறது, சேவையோடு போகிறது; மனைவியும் பிள்ளைகளும் அங்கு இருந்தது படைவீரரின் பெயரால். மலையகத் தேயிலைத் தோட்டங்களின் வீட்டுப் பிரச்சினையை எழுதிவந்த ஆய்வு மரபு இந்தக் கேள்வியை அரிதாகவே கேட்டிருக்கிறது. லயக் காம்பராவின் (தோட்டத்து வரிசைவீட்டு அறையின்) நீள அகலம், ஒழுகும் தகரம், ஒரு லயத்துக்கு எத்தனை கழிவறை, ஒரே காம்பராவில் எத்தனை தலைமுறை என்பவற்றை அது சலிக்காமல் அளந்தது. அளந்ததில் பிழையில்லை. வீட்டின் தரம் அதில் தெரிந்தது. அங்கே இருப்பவர் எதன் பலத்தில் இருக்கிறார் என்பது தெரியவில்லை. ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளியின் நிலையை ‘மோசமான வீடு’ என்ற தலைப்பிலிருந்து எடுத்து, சேவையோடு கட்டுண்ட குடியிருப்பால் விளையும் வீடின்மை என்ற தலைப்பின்கீழ் வைக்க வேண்டும் என்பதே என் வாதம். இதற்கு எதிராக வழமையாகக் காட்டப்படுவது ஒரு தீர்ப்பு. தோட்டத் தொழிலாளரின் குடியிருப்பு உரிமையை 1950இலேயே லண்டன் பிரிவி கவுன்சில் ஏற்றுக்கொண்டுவிட்டது என்று அதை வாசிப்பவர்கள் உண்டு. அந்த வாசிப்பு பிழை என்று கருதுகிறேன்; கட்டுரையின் பெரும்பகுதி அதைப் பற்றியதே.

கேகாலை மாவட்டத்தின் நேவ்ஸ்மயர் தோட்டக் காணி 1940களில் கிராம விரிவாக்கத்துக்கென அரசால் சுவீகரிக்கப்பட்டது. நிலமற்ற கிராமத்தவருக்குப் பகிர்ந்தளிப்பது நோக்கம். அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களையும் உள்ளடக்கிய இந்திய வம்சாவளித் தொழிலாளர்களிடம் வெளியேறச் சொல்லி அறிவித்தல் கொடுக்கப்பட்டது. அவர்கள் வெளியேறவில்லை. 1946இல் அவர்கள் பொருட்டு மலைநாட்டில் வேலைநிறுத்தம் எழுந்தது. வரலாற்றாசிரியர்கள் இந்த வேலைநிறுத்தத்தைப் பற்றி நிறையவே எழுதிவிட்டார்கள்; எனக்கு முக்கியமாகப் படுவது அரசு தேர்ந்துகொண்ட சட்ட வழி. காணியை மீட்கக் குடியியல் வழக்குத் தொடராமல், தண்டனைச் சட்டக்கோவையின் 427ஆம் பிரிவின்படி குற்றவியல் அத்துமீறல் என்று குற்றஞ்சாட்டியது. நேற்றுவரை தொழிலாளியாக இருந்தவர் இன்று அத்துமீறியவர். இடையில் அவர் ஓரடியும் நகரவில்லை. இந்த வழக்குகளில் ஒன்றுதான் செல்வநாயகம் என்ற தொழிலாளியின் மேன்முறையீடாக லண்டன்வரை சென்று 1950இல் அவருக்குச் சாதகமாக முடிந்தது.

தீர்ப்பின் தருக்கத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். குற்றவியல் அத்துமீறலுக்குத் தேவை ஒரு நோக்கம்: குற்றம் புரியும் நோக்கமோ, காணியில் இருப்பவரை அச்சுறுத்தும், அவமதிக்கும், தொல்லைப்படுத்தும் நோக்கமோ இருக்க வேண்டும். தனக்கு உரிமை உண்டென்று மெய்யாகவே நம்பி ஒருவர் காணிக்குள் வந்தால், அந்த நம்பிக்கை சட்டத்தின் முன் எவ்வளவுதான் ஆதாரமற்றதாக இருந்தாலும், அதனால் மற்றவருக்குத் தொல்லை விளையும் என்பதை அவர் அறிந்திருந்தாலும், அந்தக் காரணத்தால் மட்டும் அது குற்றமாகிவிடாது. வழக்குத் தொடுப்பவர் காட்ட வேண்டியது தலையாய நோக்கத்தை. உரிமை கோரியது வெறும் போர்வை என்பதை. அந்தத் தொழிலாளியின் தலையாய நோக்கமோ தன் வீட்டில் தொடர்ந்து இருப்பது. பிரிவு பேசுவது நிலத்தில் யார் இருக்கிறார் என்ற உண்மைநிலையைப் பற்றி, சட்டச் சிக்கல் நிறைந்த உடைமையைப் பற்றி அல்ல என்றும் கவுன்சில் கூறியது. தொழிலாளர் தரப்பு இதை வெற்றியாகக் கொண்டாடியதில் வியப்பில்லை. குற்றவாளி என்ற முத்திரை விழாமல் காத்த தீர்ப்பு அது. ஆனால் ‘எவ்வளவுதான் ஆதாரமற்றதாக இருந்தாலும்’ என்ற கருத்தின் பளுவை முந்தைய வாசிப்பு உணரவில்லை. உரிமை உண்டா இல்லையா என்ற கேள்வியைத் தீர்க்காமலேயே விடுதலை வழங்கிய தருக்கம் அது. தொழிலாளியின் மனம் குற்ற மனம் அல்ல என்று சொன்ன நீதிமன்றம், காம்பரா அவருடையது என்று எங்கும் சொல்லவில்லை. உண்மைநிலைக்கும் உடைமைக்கும் இடையே அது இட்ட கோடும் இதையே காட்டுகிறது: தொழிலாளி அங்கே இருந்தார் என்பது பார்க்கப்பட்டது, அங்கே இருக்க அவருக்கு என்ன உரித்து என்பது வேறொரு மன்றத்துக்கு விடப்பட்டது.

அந்த வேறு மன்றத்தின் கதவு எந்தப் பக்கம் திறந்திருந்தது என்பதை அறிய நீண்ட தேடல் தேவையில்லை. வழக்கு நடந்துகொண்டிருந்த ஆண்டுகளிலேயே 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் 1949இன் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டமும் வந்தன. லயத்தில் வாழ்ந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் நாட்டிலேயே இருக்கும் உரிமையை மனுப் போட்டு நிரூபிக்க வேண்டியவர்கள் ஆனார்கள். 1972இன் காணிச் சீர்திருத்தமும் 1975இன் திருத்தமும் தோட்டங்களை அரசுக்குக் கொண்டுவந்தபோது, நேவ்ஸ்மயரில் இருந்த உறவு, அதாவது அரசு நிலவுரிமையாளர், தொழிலாளி வெறுமனே அங்கிருப்பவர் என்ற உறவு, ஹட்டன், நுவரெலியா எங்கும் பரவியது. கேகாலைத் தோட்டத்து வழக்கை மத்திய மலைநாட்டுக்குப் பொருத்தலாமா என்று கேட்பவர்களுக்கு இதற்கு மேல் பதில் வேண்டியதில்லை. 1977 மே மாதம் தலவாக்கலைப் பகுதியின் டெவன் தோட்டத்தில் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டில் சிவனு லெட்சுமணன் உயிரிழந்தார். நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைப் பகிர்ந்தளிக்கும் திட்டத்தைத் தொழிலாளர்கள் எதிர்த்துநின்ற வேளை அது. இச்சம்பவத்தை இனமுரண்பாட்டு வரலாற்றிலும் தொழிற்சங்க வரலாற்றிலும் வைத்து எழுதுகிறார்கள். இரண்டும் பொருந்தும். எனினும் 1950 தீர்ப்பு உண்மையிலேயே குடியிருப்பு உரிமையை நிலைநாட்டியிருந்தால், 27 ஆண்டுகளுக்குப் பிறகு அதே உரிமைக்காக மலைச்சரிவில் உடலை நிறுத்த வேண்டி வந்தது ஏன் என்பதற்கு முந்தைய வாசிப்பில் விடையில்லை.

டெவன் சம்பவத்துக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த ஒரு சட்டத்தை 1950 தீர்ப்போடு சேர்த்து வாசித்தால் இடைவெளி இன்னும் தெளிவாகிறது. 1979இன் 7ஆம் இலக்க அரச காணிகள் (உடைமை மீட்டல்) சட்டம் லயங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அதன் நடைமுறை எளிது: தகுதிவாய்ந்த அதிகாரி வெளியேறும் அறிவித்தல் கொடுப்பார், வெளியேறாதவரை நீதவான் முன் நிறுத்துவார், அங்கே நிற்பவர் காட்டக்கூடியது செல்லுபடியான அனுமதிப்பத்திரத்தை அல்லது அரசின் வேறு எழுத்துமூல அதிகாரத்தை மட்டுமே. நோக்கம் என்ன, நம்பிக்கை மெய்யா, பாட்டன் எந்த ஆண்டில் கொழுந்துக் கூடை சுமந்தார் என்பவற்றுக்கு அந்த விசாரணையில் இடமில்லை. 1950 தீர்ப்பு தொழிலாளியைக் காப்பாற்றியது அவர் மனத்தைப் பார்த்து. 1979 சட்டம் கேட்பது கையிலுள்ள தாளை. லயத்தில் பிறந்தவருக்கு மனம் இருந்தது, தாள் இருக்கவில்லை. நீண்டகாலம் இருந்ததாலேயே உரிமை வந்துவிடாதா என்றால், அரச காணிக்கு எதிராகக் காலத்தால் உரித்து விளைவதில்லை. வேலைக்காக இருக்க விடப்பட்டவருக்கு அது மேலும் எட்டாத வாதம். 1992இல் தோட்ட முகாமைத்துவம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் போனதும் இதை மாற்றவில்லை. கம்பனிகள் பெற்றது குத்தகை. தொழிலாளிக்கும் நிலத்துக்கும் நடுவில் இன்னொருவர் வந்து நின்றார், அவ்வளவே.

‘நடைமுறையில் யாரையும் துரத்துவதில்லையே, வேலையிலிருந்து நின்ற முதியவர்கள் லயத்திலேயே இருக்கிறார்களே’ என்பது தோட்ட நிர்வாகங்கள் மட்டுமல்லாமல் சில ஆய்வாளர்களும் சொல்லும் மறுப்பு. இதை அலட்சியப்படுத்த முடியாது. அதில் உண்மை இருக்கிறது. ஆனால் அவர்கள் எப்படி இருக்கிறார்கள்? மகனோ மகளோ மருமகளோ பேர் பதிந்து வேலை செய்கிற குடும்பத்தின் அங்கமாக இருக்கிறார்கள். காம்பரா செக்ரோலில், அதாவது தோட்டத்தின் வேலைப் பதிவேட்டில், இருக்கும் பெயரைச் சார்ந்து நிற்கிறது. பிரட்டுக்கு (காலை வேலைப் பகிர்வுக்கு) போக ஆளில்லாத வீட்டின் நிலை வேறு. பிள்ளைகள் எல்லோரும் கொழும்புக் கடைகளிலும் வளைகுடா நாடுகளிலும் வேலை தேடிக்கொண்ட பின் தனித்துவிட்ட மூதாட்டியின் நிலை வேறு. இதற்குள் இன்னொரு விளைவும் ஒளிந்திருக்கிறது. பெற்றோரின் தலைக்குமேல் கூரை நிற்க வேண்டுமானால் பிள்ளைகளில் ஒருவர் கொழுந்து பறிக்கவோ மலைக்கு மருந்தடிக்கவோ போக வேண்டும். தேயிலைத் தொழிலில் தலைமுறை தலைமுறையாக ஆள் சேர்ந்ததற்குப் பழக்கத்தையும் கல்வியின்மையையும் காரணம் காட்டியவர்கள் இந்தக் கட்டாயத்தைக் கணக்கில் எடுத்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும் என்று எண்ணுகிறேன். ஊழியர் சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் பெறலாம். உழைப்புக்கு ஒரு முடிவு உண்டென்று சட்டம் ஏற்கும் அந்த இடத்திலும், அதன்பின் எங்கே இருப்பது என்பதைப் பற்றி அது பேசுவதில்லை. தெருவில் படுப்பவர்தான் வீடற்றவர் என்ற வரைவிலக்கணத்தைப் பிடித்துக்கொண்டு இதை மறுப்பவர்களோடு வாதிட்டுப் பயனில்லை. அந்த வரைவிலக்கணத்தின்படி, விலகிய பின் வீடிழந்த படைவீரர்களிலும் பலர் வீடற்றவர் அல்லர், உறவினர் வீட்டு விறாந்தையில் இருப்பவர்கள்.

படைவீரரோடு இந்த ஒப்பீட்டை வைப்பது தகுமா? வேலையோடு வந்த வீடு மட்டுமே கேடு ஆகாது என்பதற்கு மலைநாட்டிலேயே சான்றுண்டு. 1900இல் உருவாகி 1949வரை இருந்த இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படையில் சேர்ந்து போவர் போருக்கும் முதல் உலகப் போருக்கும் போனவர்கள் ஐரோப்பியத் துரைமார். அவர்களது பங்களாவும் வேலையோடு வந்ததே, வேலையோடு போனதே. அப்படியிருந்தும் அவர்களை வீடற்றவர் என்று எவரும் எழுதியதில்லை, போக இன்னோர் இடமும் போவதற்குப் பணமும் இருந்ததால். இலங்கை அரசு தன் படையினர் விடயத்தில் இதைச் சரியாகவே உணர்ந்திருக்கிறது. 1999இன் 54ஆம் இலக்கச் சட்டத்தால் ரணவிரு சேவா அதிகாரசபை அமைந்தது. படையினரோடு, உயிரிழந்த, காணாமற்போன, அங்கவீனமுற்ற வீரர்களின் குடும்பங்களும் அதன் பொறுப்பில் வந்தன. படையினருக்கு வீடு கட்டிக்கொடுக்கவென்றே 2008இன் 6ஆம் இலக்கச் சட்டம் ‘நமக்காக நாம்’ நிதியத்தை ஏற்படுத்தியது. சேவை முடிந்தாலும் வீடு முடியக்கூடாது என்ற கொள்கை இந்த நாட்டுச் சட்டத்துக்குப் புதிதல்ல என்பது இதிலிருந்து தெளிவு. நாட்டைக் காத்தவரையும் கொழுந்து பறித்தவரையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்ற ஆட்சேபம் வரும். தியாகத்தை நான் ஒப்பிடவில்லை. குடியிருப்பின் அமைப்பை ஒப்பிடுகிறேன். அந்நியச் செலாவணிக் கணக்கில் தேயிலைக்கு உள்ள இடத்தை அறிந்தவர்கள் தியாகத்தையும் ஒப்பிட விரும்பலாம்.

கனமான மறுப்பு அண்மைக்காலத் திட்டங்களைப் பற்றியது. இந்திய உதவியில் கட்டப்பட்ட 4,000 வீடுகள், 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த மேலும் 10,000 வீடுகள், 7 பேர்ச் காணியோடு தனி வீடு என்ற கொள்கை, 2018இன் 32ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மலையகப் புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபை, 2024 வரவுசெலவுத் திட்டத்தில் காணியுரிமைக்கென ஒதுக்கிய 4 பில்லியன் ரூபா, 10 பேர்ச் வாக்குறுதி: இவை லயத்தை விட்டு வெளியே வரும் வழிகள் என்பதில் ஐயமில்லை. வீட்டின் தரம் இவற்றால் மாறுகிறது. உரித்து மாறுகிறதா என்பதை ஒவ்வோர் ஆவணத்தையும் 1979 சட்டத்தின் கேள்விக்கு முன்னால் வைத்துத்தான் சொல்ல முடியும். திறப்பு விழாவில் கையளிக்கப்படும் சாவியும் உறுதிப்பத்திரமும் ஒன்றல்ல. கம்பனியின் குத்தகையிலிருந்து அந்த 7 பேர்ச் முறைப்படி விடுவிக்கப்பட்டதா, பத்திரம் அரசின் எழுத்துமூல அதிகாரமாக நீதவான் முன் நிற்குமா, அதில் இருப்பது தற்போது பேர் பதிந்திருப்பவரின் பெயர் மட்டுமா என்பவை கேட்கப்பட வேண்டும். கடைசிக் கேள்விதான் எனக்கு மிக முக்கியம். முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்து நின்றுவிட்ட பெண் ஒருத்தி மகனின் பெயரிலுள்ள வீட்டில் இருப்பாளானால், செக்ரோல் போய் உறுதிப்பத்திரம் வந்திருக்கிறது; அவள் இன்னொருவர் பெயரால் அங்கே இருப்பது மாறவில்லை. ஓய்வுபெற்றவரின் பெயர், குறிப்பாக ஓய்வுபெற்ற பெண்ணின் பெயர், கூட்டு உரித்தாளராக ஆவணத்தில் இடம்பெறும்வரை புதிய வீடுகளின் எண்ணிக்கையை வீடின்மை குறைந்ததற்கான சான்றாக ஏற்க என்னால் இயலாது.