சின்கோனா

காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்த பசுமைமாறா மரம். ஆண்டீஸ் மலைத்தொடரின் சரிவுகள், குறிப்பாக இன்றைய பெரு, எக்குவடோர், பொலிவியா, கொலம்பியா நாடுகளின் ஈரமான மலைக்காடுகள், இதன் தாயகம். மிகக் கசப்பான இதன் பட்டையில் குவினைன், குவினிடின், சின்கோனின், சின்கோனிடின் என்னும் நான்கு ஆல்கலாய்டுகள் முதன்மையானவை. சுமார் முந்நூறு ஆண்டுகள் மலேரியாவுக்கு ஐரோப்பிய மருத்துவம் நம்பியிருந்தது இந்தப் பட்டையையும் அதிலிருந்து பிரித்த குவினைனையுமே. தமிழ்நாட்டில் இம்மருந்தைக் கொயினா என்றார்கள்.

ஆண்டீஸ் பகுதி மக்கள் இப்பட்டையைக் காய்ச்சலுக்கு வழங்கினார்களா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மலேரியாவே ஐரோப்பியர் வருகைக்குப் பின்புதான் அமெரிக்கக் கண்டத்துக்கு வந்தது என்போர், அதற்கு முன் குளிர் நடுக்கத்தைத் தணிக்கவே பட்டை பயன்பட்டிருக்கும் என்கின்றனர். ‘கினா-கினா’ என்னும் பழைய பெயரும் முதலில் வேறொரு பிசின் மரத்தைக் குறித்ததாகச் சிலர் கருதுவர்.

மரத்தின் இன்றைய பெயர் ஒரு கதையிலிருந்து வந்தது. பெருவில் ஸ்பெயின் அரசின் ஆளுநராக இருந்த சிஞ்சோன் பிரபுவின் மனைவி இப்பட்டையால் காய்ச்சல் தீர்ந்து, அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தார் என 1663இல் செபாஸ்தியானோ பாதோ எழுதினார். லின்னேயஸ் 1742இல் அந்தச் சீமாட்டியின் நினைவாகவே பெயரிட்டார். ஆனால் சிஞ்சோன் என்னும் ஊர்ப்பெயரின் எழுத்து ஒன்று விடுபட்டுப்போனது. அதைத் திருத்தக் கோரி கிளெமெண்ட்ஸ் மார்க்கம் 1874இல் சீமாட்டியின் வரலாற்றையே நூலாக எழுதினார். 1941இல் ஏ. டபிள்யூ. ஹாகிஸ் பிரபுவின் அலுவல் நாட்குறிப்பை ஆராய்ந்தபோது, மார்க்கம் எழுதிய அனா தெ ஒசோரியோ கணவர் பெருவுக்குப் புறப்படும் முன்பே இறந்தவர் என்று தெரிந்தது. இரண்டாம் மனைவிக்கோ இத்தகைய காய்ச்சல் வந்ததாக அதில் குறிப்பே இல்லை. அவரும் ஊர் திரும்பும் வழியில் இறந்தார். பெயர் மட்டும், எழுத்துப்பிழையோடு, நிலைத்துவிட்டது.

ஐரோப்பாவில் இதைப் பரப்பியவர்கள் பெரும்பாலும் ஏசு சபையினர். அதனால் ‘ஏசு சபையார் பொடி’ என்றே பெயர் பெற்றது. 1820இல் பாரிசில் பெல்லெட்டியே, கவந்து என்னும் இரு மருந்தாளுநர்கள் குவினைனைத் தனியே பிரித்தனர். 1856இல் அதைச் செயற்கையாகச் செய்ய முயன்ற இளைஞர் பெர்க்கினுக்குக் கிடைத்தது ஊதாச் சாயம்.

நீலகிரிக் காலம் (1860 முதல்) இம்மரத்தின் வரலாற்றில் மிக விரிவாகப் பதிவானது. இந்தியாவில் படையினருக்கும் அலுவலர்க்கும் குவினைன் வாங்கப் பெருந்தொகை செலவானதால், மரத்தையே இங்கு வளர்க்கும் பொறுப்பு மார்க்கத்திடம் தரப்பட்டது. பெருவில் அவரே சேகரித்த செடிகள் செங்கடல் வெப்பத்தில் வாடி மடிந்தன. எக்குவடோரின் சிம்பராசோ மலையடியில் செம்பட்டை இனத்தைச் சேகரித்த ரிச்சர்ட் ஸ்ப்ரூஸின் முயற்சி பலித்தது. அவர் காயவைத்து அனுப்பிய விதைகளும், கண்ணாடிப் பெட்டிகளில் வைத்து ராபர்ட் கிராஸ் உடன்கொண்டுவந்த செடிகளும் 1861இல் உதகமண்டலம் சேர்ந்தன.

அவற்றைப் பெற்றுக்கொண்டவர் உதகை அரசுத் தாவரவியல் பூங்காவை உருவாக்கிய வில்லியம் கிரஹாம் மெக்கைவர். செம்பட்டை இனம் கூடலூர்ச் சாலையில் உள்ள நடுவட்டத்திலும், குளிர் தாங்கும் இனம் தொட்டபெட்டாச் சரிவிலும் நடப்பட்டன. மரத்தை வெட்டாமல் பட்டை எடுக்க மெக்கைவர் கண்ட வழி தனிக் குறிப்புக்கு உரியது. அடிமரத்தில் ஒரு பட்டை விட்டு ஒரு பட்டையாக, நெடுக்குவாட்டில், உள்ளிருக்கும் இளம் படலம் சிதையாமல் உரித்தெடுப்பார்கள். பிறகு அடிமரம் முழுவதையும் ஈரப்பாசியால் போர்த்திக் கட்டிவிடுவார்கள். பாசிக்குள் வெயில் படாமல் புதுப்பட்டை வளரும். பழைய பட்டையைவிட அதில் குவினைன் கூடுதலாக இருந்தது. நோயாளிக்குக் கட்டுப்போடுவதைப் போன்ற இந்த வேலையைக் கூலியாட்கள் மரம் மரமாகச் செய்தார்கள். பட்டையில் எத்தனை பங்கு குவினைன் என்பதற்கு லண்டன் வேதியியலர் ஜான் எலியட் ஹோவர்டின் அறிக்கைகள் வரிசையாக உள்ளன. பாசி கட்டியவர்களின் பெயர்கள் அவற்றில் இல்லை.

நடுவட்டத்தில் உழைத்தவர்களுள் மலாக்கா நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து சென்னை மாகாணச் சிறைகளுக்கு மாற்றப்பட்ட சீனக் கைதிகளும் இருந்தனர். அவர்களுக்காகத் தோட்டத்தருகே சிறை ஒன்று இருந்தது. தண்டனை முடிந்தும் திரும்பாத சிலர் தமிழ்ப் பெண்களை மணந்து, நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் இடையே குடியேறினர். காய்கறியும் கொஞ்சம் காப்பியும் பயிரிட்டு, மாடு வைத்துப் பிழைத்த அக்குடும்பங்களை எட்கர் தர்ஸ்டன் பதிவு செய்துள்ளார்.

நீலகிரிச் செம்பட்டையில் குவினைன் குறைவு, மற்ற மூன்றும் மிகுதி. அவற்றால் பயனுண்டா என்று அறிய 1866 முதல் 1868 வரை சென்னை மாகாணத்தில் சுமார் 3,600 நோயாளிகளிடம் நான்கு ஆல்கலாய்டுகளும் சோதிக்கப்பட்டன. நான்கும் ஏறத்தாழ ஒன்றுபோலவே காய்ச்சலைத் தீர்த்தன. பல மருந்துகளை இத்தனை பேரிடம் ஒப்பிட்ட சோதனை அக்காலத்தில் அரிது. ஆயினும் சந்தை குவினைனையே கேட்டது. 1880களில் உதகையில் அரசு குவினைன் வேதியியலராகப் பொறுப்பேற்ற டேவிட் ஹூப்பர், இந்திய மூலிகைகளைத் தொகுத்த ‘ஃபார்மகோகிராஃபியா இண்டிகா’வின் ஆசிரியர் மூவருள் ஒருவராகவும் அறியப்படுகிறார்.

நீலகிரியை முந்தியது ஜாவா. பொலிவியாவில் மானுவல் இங்க்ரா மாமானி என்னும் பழங்குடி வழிகாட்டி சேகரித்த விதைகளைச் சார்லஸ் லெட்ஜர் 1865இல் லண்டனுக்கு அனுப்பினார். ஆங்கில அரசு வாங்க மறுத்தது. டச்சு அரசு ஒரு பகுதியைச் சிறு தொகைக்கு வாங்கியது. அதிலிருந்து ஜாவாவில் வளர்ந்த மரங்களின் பட்டையில் பத்து விழுக்காட்டுக்கு மேலும் குவினைன் இருந்தது. மாமானி பின்னர் சிறையில் அடித்துத் துன்புறுத்தப்பட்டு இறந்ததாகக் கூறப்படுகிறது. மரத்தின் இனப்பெயரில் இருப்பது லெட்ஜரின் பெயர்.

இலங்கையில் காப்பியை இலைத்துரு நோய் அழித்தபின் தோட்டக்காரர்கள் சின்கோனாவுக்கு மாறினர். சில ஆண்டுகளில் விலை சரிந்து தேயிலைக்குப் போயினர்.

வங்காளத்தில் 1892 முதல் அஞ்சலகங்களில் குவினைன் காலணாப் பொட்டலமாக விற்கப்பட்டது. கடிதம் போட வந்தவர் மருந்தும் வாங்கிப்போகும் இந்த ஏற்பாடு பிற மாகாணங்களுக்கும் பரவியது.

1942இல் ஜப்பான் ஜாவாவைக் கைப்பற்றியதும் நேச நாடுகளுக்கு வரத்து நின்றது. 1944இல் உட்வர்டும் டோரிங்கும் குவினைனைச் செயற்கையாக ஆக்கியதாக அறிவித்தனர். அது முழுமையான ஆக்கமா, முன்பே ஜெர்மானியர் செய்த கடைசிக் கட்டத்தை நம்பியதா என்ற சர்ச்சை நெடுநாள் நீடித்தது. குளோரோகுவின் பரவியபின் பட்டையின் தேவை குறைந்தது. கடும் மலேரியாவுக்கு இப்போது முதலில் தரப்படுவது சீன மூலிகையொன்றின் வழிவந்த ஆர்ட்டிசுனேட். குவினைன் மிகுந்தால் காதில் இரைச்சலும் பார்வைக் குறையும் உண்டாகும். டானிக் வாட்டரின் கசப்பு இன்றும் குவினைனுடையதே. குவினிடின் இதயத் துடிப்புக் கோளாறுக்குப் பயன்பட்டது.

நடுவட்டத்திலும் ஆனைமலையிலும் அரசுச் சின்கோனாத் தோட்டங்கள் இருந்த இடங்களில் இப்போது தேயிலை. வால்பாறை அருகே உள்ள அத்தகைய தேயிலைத் தோட்டத்தின் பெயர் இன்றும் சின்கோனா.