தோட்டக் கொட்டகைக் கான்கிரீட் தளம்

மண்வெட்டி, உரமூட்டை, மருந்தடிக்கும் கருவி முதலியவற்றை வைக்கும் சிறு கொட்டகைக்கு அடியில் போடப்படும், கம்பி கட்டாத கான்கிரீட் தளம். 4 அங்குலக் கனம் போதும். தளம் நிலைப்பது பெரும்பாலும் அடிமண்ணைப் பொறுத்தது. புல்லும் வேருமுள்ள மேல்மண்ணை முழுதும் எடுத்துவிட்டு, 3, 4 அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியோ உடைகல்லோ கொட்டி, தண்ணீர் தெளித்துத் திமிசுக்கட்டையால் இறுக இடிக்க வேண்டும். கரிசல் மண் மழையில் உப்பி வெயிலில் சுருங்கும். அங்கே இன்னும் ஆழமாகத் தோண்டிக் கிராவல் நிரப்புவது அவசியம். ஈரம் மேலேறாதிருக்கப் பாலிதீன் விரிப்பார்கள்.

8 அடிக்கு 6 அடித் தளமென்றால், பலகைச் சட்டத்தின் மூலைவிட்டங்கள் இரண்டும் சரியாக 10 அடி வர வேண்டும். வந்தால் மூலைமட்டம் சரி. 1:2:4 கலவையில் இத்தளத்துக்குச் சுமார் 3 மூட்டை சிமென்ட், 7 கன அடி மணல், 14 கன அடி முக்கால் ஜல்லி பிடிக்கும். தண்ணீர் மூட்டைக்கு 30 லிட்டரைத் தாண்டக் கூடாது. கொட்ட எளிதாக இருக்குமென்று கலவையை இளக்கினால் மேற்பரப்பு பின்னாளில் மாவாக உதிரும். மட்டப்பலகையால் இழுத்து, மணியாசுக் கட்டையால் தேய்த்து முடிப்பர்.

மறுநாளே பாத்தி கட்டித் தண்ணீர் தேக்க வேண்டும். இந்தியத் தர விதி ஐ.எஸ். 456-இன்படி சாதாரண சிமென்டுக்குக் குறைந்தது 7 நாள். சாம்பல் கலந்த பி.பி.சி. சிமென்டுக்கு 10 நாள். தளம் சுவருக்கு வெளியே நீண்டிருந்தால் மழைநீர் அதில் விழுந்து உள்ளே புகும். ஆகவே கொட்டகை அளவுக்கே போடுவது நல்லது.